தகுதியை அளப்பது யார்?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, திருப்பூர்ப் பெருமக்களே, அனைவருக்கும் வணக்கம். வேலைக்கும் பதவி உயர்வுக்கும் தகுதி ஒன்றே போதும், எல்லாத் தரப்பினருக்கும் இடம் கொடுக்கும் கொள்கை திறமையைக் குறைத்துவிடும் என்று எனக்கு முன் பேசிய நண்பர் வாதிட்டார். கப்பலேறும் சரக்குக்கு ஆண், பெண், சாதி எதுவும் தெரியாது என்றார். சரக்குக்குத் தெரியாதுதான்; ஆளைத் தேர்ந்தெடுக்கிறவருக்கு எல்லாம் தெரியும்.

நம் ஊர் பனியன் கம்பெனி ஒன்றின் தையல் வரிசையை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு டேபிளிலும் எத்தனை பீஸ் முடிந்தது, செக்கிங்கில் எத்தனை பீஸ் ஆல்டருக்கு, அதாவது திருத்தித் தைக்க, திரும்பியது என்பதெல்லாம் மணிக்கு மணி நோட்டில் ஏறுகிறது. ஒருவருடைய தகுதியை இவ்வளவு நுணுக்கமாக அளக்கும் பணியிடங்கள் மிகக் குறைவு. அதே வரிசைக்கு ஒரு சூப்பர்வைசர் வேண்டும் என்றால் மட்டும் அந்த நோட்டை யாரும் புரட்டுவதில்லை. "நம்ம பையனுங்க, நான் பொறுப்புங்க" என்று தெரிந்தவர் ஒருவர் சொன்னால் போதும், வேலை முடிந்துவிடுகிறது. ஓவர்லாக், பேட்லாக் என்ற இரண்டு தையல் மெஷின்களும் கைவந்த, புதிதாக வருகிற பெண்களுக்கெல்லாம் தொழில் பழக்கிவிட்ட ஓர் அம்மா, தனக்கு மேலே வந்து நிற்கும் அந்தப் பையனுக்கும் வேலையைச் சொல்லிக்கொடுத்துவிட்டுத் தன் டேபிளுக்குத் திரும்புகிறார். ஷிப்மென்ட் நெருக்கடியில் இரவு தங்கி வேலை வாங்கப் பெண்ணால் ஆகுமா என்று கேட்கிறார்கள். அந்த இரவுகளில் தைத்துக் கொடுப்பவர்களில் பெண்கள் எத்தனை பேர் என்பதை அவர்கள் பார்த்ததே இல்லையா?

எதிரணியினர் அஞ்சும் இடஒதுக்கீடு நம் கம்பெனி வாசலுக்கே வரவில்லை என்பதையும் நினைவூட்ட வேண்டும். ஒதுக்கீட்டுக்கு வழிசெய்யும் அரசியலமைப்பின் 16(4) பிரிவு அரசுப் பணிக்கு உரியது. கொங்கு நாட்டில் பெரும் எண்ணிக்கையில் வாழும் அருந்ததியருக்குப் பட்டியல் சாதி ஒதுக்கீட்டுக்குள் 2009இல் கிடைத்த 3 விழுக்காடு உள் ஒதுக்கீடும் அரசு வேலைக்கும் கல்விக்கும்தான். மில்லும் பவுண்டரியும் பனியன் கம்பெனியும் சோறு போடும் இந்த மண்ணில், ஒதுக்கீடே இல்லாத அந்த இடங்களில், அலுவலக அறைகளில் அவர்களுடைய பிள்ளைகள் எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள்? தகுதி மட்டுமே ஆட்களைத் தேர்ந்தெடுத்திருந்தால் இந்தக் கேள்வியைக் கேட்க வேண்டிய தேவையே இருந்திருக்காது.

நிர்வாகத் திறன் பற்றிய அச்சத்தை நான் அலட்சியப்படுத்தவில்லை. அரசியலமைப்பின் 335ஆவது பிரிவே அதைக் கருத்தில் கொள்ளச் சொல்கிறது. அந்த அச்சத்தை எண்களால் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். பொருளாதார அறிஞர்கள் அஷ்வினி தேஷ்பாண்டே, தாமஸ் வைஸ்கோப் இருவரும் 1980 முதல் 2002 வரையிலான இந்திய ரயில்வேயின் தரவுகளை ஆராய்ந்தார்கள். பட்டியல் சாதி, பழங்குடி ஊழியர்களின் பங்கு கூடியதால் உற்பத்தித்திறன் குறைந்தது என்பதற்கு அவர்களுக்குச் சான்று கிடைக்கவில்லை. உயர்பதவிகளில் அது நன்மை செய்திருக்கலாம் என்பதற்குச் சில சான்றுகள் கிடைத்தன.

பெயருக்கு ஒருவரை உட்காரவைப்பதை நாங்கள் ஆதரிக்கவில்லை. பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனங்களுக்கு ஒரு பெண் இயக்குநராவது வேண்டும் என்று 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம் சொன்னால், வீட்டுப் பெண்ணின் பெயரை எழுதிக் கையெழுத்து மட்டும் வாங்கிக்கொள்வது அந்தப் பெண்ணுக்கும் அவமரியாதை, சட்டத்துக்கும் அவமரியாதை.

நாங்கள் கேட்கும் கொள்கை இதுதான்: சூப்பர்வைசர் வேலை காலியானால் கம்பெனியில் எல்லாருக்கும் தெரியும்படி அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள், எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்போம் என்பதை முன்கூட்டியே எழுதிவையுங்கள், கேட்டும் கிடைக்காதவருக்குக் காரணம் சொல்லுங்கள், இதுவரை அந்த நாற்காலிக்கு வராதவர்களைத் தேடிப் பயிற்சி கொடுங்கள். இவற்றுள் எது தகுதியைக் குறைக்கிறது என்பதை, அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பர் நடுவர் முன்னிலையில் சொல்ல வேண்டும் என்று கேட்டு அமர்கிறேன்.