உப்புப் பொட்டளியும் வலிக்குளிசையும் ஒண்டோ? | பீரியட்ஸ் வலிக்கு அம்மம்மா வைத்தியம்

[கமரா அடுப்படியில. இரும்புச் சட்டிக்குள்ள உப்புக்கல்லு படபடவெண்டு வெடிக்குது.]

சத்தம் கேக்குதோ? உப்பு வறுக்கிறன். கறிக்குப் போட இல்லை, வயித்தில வைக்க. இந்தச் சூடு ஒரு வலிக்குளிசை அளவுக்கு வேலை செய்யும் எண்டு சொன்னால் நம்புவீங்களோ? நானும் முதல்ல நம்பேல்லை.

வணக்கம் அக்காமார், தங்கச்சிமார். அண்ணாமார், நீங்களும் ஓடாதேங்கோ. உங்கட வீட்டிலயும் ஆரோ ஒராள் மாசத்தில ரெண்டு நாள் சுருண்டு படுக்கிறாதானே.

பீரியட்ஸ் எண்டால் என்ன எண்டு பள்ளிக்கூடத்தில படிச்சிருப்பியள். இல்லாட்டி ரீச்சர் "இந்தப் பக்கத்தை வீட்டில வாசியுங்கோ" எண்டு தாண்டியிருப்பா. ஒரே வசனத்தில சொல்லுறன்: கர்ப்பப்பையின்ர உள்தோல் உரிஞ்சு இரத்தத்தோட வெளியில வருது. முடிஞ்சுது பாடம்.

இனித்தான் எனக்குப் பிடிச்ச இடம். அது ஏன் இப்பிடி வலிக்குது?

அந்த உள்தோல் உரியேக்க புரொஸ்ரகிளாண்டின் எண்டு ஒரு சாமானைச் சுரக்கும். அது கர்ப்பப்பையின்ர தசையைப் பிடிச்சுச் சுருக்கும். இப்ப ஆஸ்பத்திரியில பிரஷர் பாக்கிறதை நினைச்சுப் பாருங்கோ. கையில பட்டியைச் சுத்தி, காத்தை அடிச்சு, இறுக்கி இறுக்கிக் கொண்டு போவினம். கை விறைக்கும். உங்கட மேல் பிரஷர் 120 எண்டால், பட்டி அதைத் தாண்டின உடன கைக்கு இரத்தம் போறது நிண்டிடும். அரை நிமிசத்தில காத்தைத் திறந்து விடுறபடியால் தப்பினம்.

வலி கூடின பெண்களின்ர கர்ப்பப்பைக்குள்ள அளந்து பாத்திருக்கினம். சுருங்கேக்க உள்ள வாற அழுத்தம் 120ஐத் தாண்டுது. கனதரம் 150, 180 எண்டு போகுது. எண்டால் கர்ப்பப்பை தன்ர இரத்தக் குழாயைத் தானே நெரிக்குது. இரத்தம் கிடைக்காத தசை கத்தும். பிரஷர்ப் பட்டியை அடிவயித்துக்குள்ள கட்டி, ரெண்டு நாளா ஆரோ காத்தை அடிக்கிறதும் இறக்கிறதுமா விளையாடினால் எப்பிடி இருக்கும்? அதுதான் இது.

இனி ஆராவது "உது எல்லாருக்கும் வாறதுதானே" எண்டு சொன்னால், அவையின்ர கையில பட்டியைக் கட்டி 180க்கு ஏத்தி விட்டிட்டு, அதே வசனத்தைத் திருப்பிச் சொல்லுங்கோ. பகிடிக்குச் சொல்லுறன். முழுக்கப் பகிடியும் இல்லை.

அந்தப் புரொஸ்ரகிளாண்டின் குடலையும் பிடிக்கும். அதுதான் அந்த நாளில வயித்தாலயும் போறது.

[உப்பைப் பழைய சாறத்துண்டில கொட்டிக் கட்டுறது, கிட்டத்தில.]

ஏ.எல் படிக்கேக்க, ரியூசன் கொட்டிலுக்குள்ள, தகரக் கூரைக்குக் கீழ, நாரி ரெண்டாப் பிளக்கிற மாதிரி வலியோட இருந்து, பாதியில எழும்பி சைக்கிளை உருட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தனான். அம்மம்மா ஒண்டும் கேக்கேல்லை. சட்டியை வைச்சா. "பிள்ளை, மல்லாக்கப் படு, சூடு பிடிக்கட்டும்" எண்டா. கொஞ்ச நேரத்தில நான் நித்திரை. அதே அம்மம்மாதான் துடக்கு எண்டு சாமியறைப் பக்கம் காலடி வைக்க விடமாட்டா. அது வேற வீடியோ, அதுக்கு வாய் கூட வேணும்.

2001இல ஒரு ஆய்வு வந்தது. வயித்தில ஒட்டுற சூட்டுப் பட்டி ஒண்டு, 38.9 பாகை சூடு, ஒரு நாளைக்கு 12 மணித்தியாலம். மற்றப் பக்கம் ஐபுபுரூபன் எண்ட வலிக்குளிசை 400 மில்லிகிராம், நாளைக்கு மூண்டு தரம். முடிவு? சூடு குளிசைக்குச் சமமா நிண்டுது. ரெண்டையும் சேத்துப் பாவிச்சவைக்கு ஒண்டரை மணித்தியாலத்தில சுகம் தெரிஞ்சுது. குளிசை மட்டும் போட்டவைக்கு கிட்டத்தட்ட 2.8 மணித்தியாலம் போச்சுது. அம்மம்மா மட்டும் இருந்திருந்தால் "நான் சொன்னனான்தானே" எண்டு முகத்தைத் திருப்பியிருப்பா.

அந்த 38.9ஐக் கவனியுங்கோ. அது ஒரு காய்ச்சல்காரியின்ர உடம்புச் சூடு, அவ்வளவுதான். கொதிக்கிற சூடு தேவையில்லை. பொட்டளியை முதல் உள்முழங்கையில வைச்சுப் பாருங்கோ. அங்க பொறுக்கேலாட்டி வயித்துக்கும் வேண்டாம். கடுஞ்சூட்டை மாசாமாசம் ஒரே இடத்தில வைச்சால் தோலில வலை பின்னின மாதிரி மண்ணிறத் தழும்பு வரும். சுடுதண்ணிப் போத்தல் எண்டாலும் துணியைச் சுத்தித்தான் வையுங்கோ. காண்டாவன வெயிலுக்குள்ள வயித்தில சூடு வைக்கிறது விசர் வேலை மாதிரித்தான் கிடக்கும். பான் காத்தை முகத்துக்கு விடுங்கோ, சூட்டை வயித்துக்கு விடுங்கோ.

அடுத்தது வேர்க்கொம்பு, அதுதான் காய்ஞ்ச இஞ்சி. 2009இல ஈரானில 150 பல்கலைக்கழகப் பிள்ளையளை மூண்டு கூட்டமாப் பிரிச்சவை. ஒரு கூட்டத்துக்கு இஞ்சித்தூள் 250 மில்லிகிராம், நாளைக்கு நாலு தரம், மூண்டு நாள். மற்ற ரெண்டுக்கும் வலிக்குளிசை, ஒண்டுக்கு மெஃபனாமிக் அசிட், மற்றதுக்கு ஐபுபுரூபன். வலி குறைஞ்சதில வித்தியாசம் பெரிசாத் தெரியேல்லை. மருந்தில்லாத சும்மா மாக்குளிசை குடுத்து ஒப்பிட ஒரு கூட்டம் அதில இல்லை, அது ஒரு குறைதான். எண்டாலும் நாளைக்கு ஒரு கிராம் எண்டால் கிட்டத்தட்ட அரைத் தேக்கரண்டி. எங்கட வேர்க்கொம்புக் கோப்பியில அது வந்திடும், பனங்கட்டியோட குடிச்சால் அந்த மாதிரி. இரத்தம் உறையாமல் இருக்கக் குளிசை போடுறவை மட்டும் டொக்டரைக் கேட்டிட்டுக் குடியுங்கோ.

உழுத்தங்களி நல்லெண்ணெயோட? எனக்கு உயிர். சத்து இருக்கு, சாப்பிடுங்கோ. அது மாசத்தை ஒழுங்காக்கும் எண்டு சத்தியம் பண்ண மாட்டன். பச்சை முட்டையும் குடிக்கக் குடுப்பினம், அது வேண்டாம், அவிச்சுத் தாங்கோ. இரத்தம் கூடப் போறவை இரும்புச்சத்துச் சேர முருங்கையிலை வறைக்குத் தேசிக்காய் பிழியுங்கோ. சாப்பாட்டோட தேத்தண்ணி குடிச்சால் அந்த இரும்புச்சத்து உடம்பில நல்லாச் சேராது, ஒரு மணித்தியாலம் தள்ளிக் குடியுங்கோ.

உடற்பயிற்சியும் வலியைக் குறைக்கக்கூடும். கிழமைக்கு மூண்டு தரம், முக்கால் மணித்தியாலம். சைக்கிளைத் துடைச்சு வெளியில எடுங்கோ.

குளிசை போடுறவையும் ஒண்டும் குற்றம் செய்யேல்லை. மெஃபனாமிக் அசிட்டும் ஐபுபுரூபனும் அந்தப் புரொஸ்ரகிளாண்டினைச் சுரக்க விடாமல் மறிக்குது. அதால வலி உச்சிக்கு ஏறினாப் பிறகு போடுறதை விட, தொடங்கேக்கயே சாப்பிட்டுப் போட்டுப் போடுறதுதான் புத்தி. அல்சர், தொய்வு எண்ட ஆஸ்மா, சிறுநீரகப் பிரச்சினை இருக்கிறவை கேக்காமல் போட வேண்டாம்.

[பொட்டளியைத் தொட்டுப் பாக்கிறது.] இன்னும் சூடாத்தான் இருக்கு.

ஆனால் இவ்வளவு நேரமும் கதைச்சது வலிக்குத்தான். திகதி பிந்திறதுக்கு இதில ஒண்டும் சரிவராது. "எள்ளுப்பாகு தின், பப்பாப்பழம் தின், வந்திடும்" எண்டு சொல்லுவினம். பிந்தினதுக்குக் காரணம் கர்ப்பமா இருக்கலாம், தைரோயிட்டா இருக்கலாம், பி.சி.ஓ.எஸ் எண்ட ஹோமோன் குழப்பமா இருக்கலாம், சோதினைப் பயமாவும் இருக்கலாம். எள்ளு இதில எதை எண்டு தேடும்? பி.சி.ஓ.எஸ்ஸோட எடையும் கூடினவைக்கு, இருக்கிற எடையில 5 தொடக்கம் 10 சதவீதம் குறைஞ்சாலே மாசம் திரும்ப ஒழுங்குக்கு வர வாய்ப்பிருக்கு. இதில எனக்குப் பிடிச்ச இயற்கை வைத்தியம் அதுதான், விற்கிறதுக்கு ஒருத்தரிட்டயும் போத்தல் இல்லை.

வந்த முதல் நாளில இருந்து அடுத்த முதல் நாள் வரைக்கும் எண்ணுங்கோ. 24 தொடக்கம் 38 நாள் எண்டால் பயப்பிட ஒண்டுமில்லை. பெரியபிள்ளையாகி முதல் ரெண்டு மூண்டு வருசம் முன்னப் பின்னத்தான் வரும், அந்தப் பிள்ளையளைப் போட்டு உருட்டாதேங்கோ. ஆனால் மூண்டு மாசமா வராட்டி, எட்டு நாளுக்கு மேல போனால், மணித்தியாலத்துக்கு ஒரு பாட் நனைஞ்சால், குளிசைக்கும் சூட்டுக்கும் அடங்காட்டி, பீரியட்ஸ் இல்லாத நாளிலயும் வலிச்சால், போய்க் காட்டுங்கோ. எண்டோமெற்றியோசிஸ் எண்டு ஒரு வருத்தம் இருக்கு, கர்ப்பப்பையின்ர உள்தோல் மாதிரி ஒண்டு கர்ப்பப்பைக்கு வெளியில வளருறது. "தாங்கிக் கொள்" எண்டு சொல்லிச் சொல்லியே அதைக் கண்டுபிடிக்க வருசக்கணக்காப் போகுது. எங்க போறது எண்டு தெரியாட்டி உங்கட பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரைக் கேளுங்கோ. சித்த வைத்தியம் விருப்பம் எண்டால் படிச்சுப் பதிஞ்ச வைத்தியரிட்டப் போங்கோ, முகநூலில லேகியம் விற்கிறவரிட்டப் போகாதேங்கோ.

உங்கட வீட்டில பொட்டளிக்குள்ள என்ன போடுறவை? உப்போ, தவிடோ, நொச்சியிலையோ? கொமென்ற்றில எழுதுங்கோ, ஊர்ப் பேரையும் போடுங்கோ. எனக்கு இது ஆறிப்போச்சுது, திரும்ப வறுக்கப் போறன்.

[சட்டியில உப்புக் கொட்டுற சத்தம்.]