டிப்ளோமா படிச்சவர் சேர்மன் ஆகேலுமோ? சாவகச்சேரி அம்மாவின்ர கேள்விக்குப் பதில்

வணக்கம், எல்லாரும் சுகமா இருக்கிறியளே? இண்டைக்கு உண்மையில பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையின்ர ரெண்டாம் பகுதிதான் கதைக்கிறதா இருந்தது, போன கிழமை சொல்லியும் விட்டனான். ஆனா அதை அடுத்த வியாழனுக்குத் தள்ளிப்போட்டன், ஏனெண்டா ஒரு கேள்வி வந்தது, ரெண்டு நாளா என்னை நித்திரை கொள்ள விடேல்லை. சாவகச்சேரியில இருந்து ஒரு அம்மா எழுதியிருக்கிறா, அப்பிடியே வாசிக்கிறன் கேளுங்கோ.

"ஐயா, போன வீடியோவில கிருஷ்ணமூர்த்தி எண்டொருத்தர் பற்றிச் சொன்னியள், அவர் வெறும் டிப்ளோமாதான் படிச்சவர் எண்டு. என்ர மகனும் டெக்னிக்கல் கொலிச்சில டிப்ளோமா முடிச்சுப்போட்டு அரசாங்க வேலையில ரெக்னீசியனா இருக்கிறான். டிகிரி இல்லாட்டி பென்சன் எடுக்கும் வரைக்கும் ஏணியும் வயரும்தான் எண்டு சொந்தக்காரர் சொல்லீனம், அவன் சோர்ந்துபோனான். அந்த மனுசன் எப்பிடி மேல போனவர்? இஞ்ச அப்பிடிப் போகேலுமோ?"

அம்மா, முதல்ல உங்களுக்கு நன்றி. இந்தக் கேள்வியை ஆரும் கேக்க மாட்டீனமோ எண்டு எத்தினை வருசமாக் காத்துக்கொண்டு இருந்தனான்.

முந்தின வீடியோ பாக்காத ஆக்களுக்காகத் திருப்பிச் சொல்லுறன். வி. கிருஷ்ணமூர்த்தி, 1925ஆம் ஆண்டு ஜனவரியில பழைய தஞ்சாவூர் ஜில்லாவில கருவேலி எண்ட கிராமத்தில பிறந்தவர். சென்னையில மின் பொறியியல் டிப்ளோமா படிச்சவர், அவ்வளவுதான், பெரிய யூனிவேர்சிற்றிப் பட்டமொண்டும் இல்லை. ரெண்டாம் உலக யுத்தம் நடக்கிற நேரம் விமானத் தளங்களில ரெக்னீசியன் வேலை செய்தவர். விளங்குதோ அம்மா, உங்கட மகன் இப்ப செய்யிற அதே வேலை, ஏணியும் வயரும். அதுக்குப் பிறகு 1944இல மதராஸ் மின்சார சபைக்குப் போறார், அங்க இருந்து டெல்லியில திட்டக் கமிஷன், அங்க இருந்து போபாலில கட்டின கனரக மின் இயந்திரத் தொழிற்சாலை, அது பிரிட்டிஷ் கொம்பனி ஒண்டின்ர உதவியோட தொடங்கினது, பிறகு திருச்சியில பெல் எண்டு சொல்லுற பாரத் ஹெவி எலக்ட்ரிக்கல்ஸின்ர பொயிலர் பக்டரி, அது செக்கோஸ்லோவாக்கியா உதவியோட வந்தது. திருச்சியில ஜெனரல் மனேஜரா இருந்து 1972இல முழு பெல்லுக்கும் சேர்மன். 1974இல போபால் கொம்பனியையும் பெல்லோட சேர்த்து ஒண்டாக்கினதும் அவரின்ர காலத்திலதான். 1977இல கனரகத் தொழில்துறைக்குச் செக்ரட்டரி. ஐஏஎஸ் இல்லாத மனுசன் டெல்லியில செக்ரட்டரிக் கதிரையில இருக்கிறதெண்டா சின்ன விசயமில்லை.

பிறகு 1981இல மாருதி. மாருதியைச் சனம் இப்ப ஜப்பான் கார் எண்டுதான் நினைக்குது, தொடங்கேக்க அது அரசாங்கக் கொம்பனி. 1982 ஒக்ரோபரில சுசுகியோட ஒப்பந்தம் போடேக்க சுசுகிக்கு 26 வீதம்தான், மிச்சம் 74 வீதமும் இந்திய அரசாங்கத்தின்ர. ஒப்பந்தம் போட்டுப் 14 மாசத்தில, 1983 டிசம்பர் 14, முதல் காரின்ர திறப்பை இந்திரா காந்தி குடுக்கிறா. அண்டைக்கு அவவின்ர செத்துப்போன மகன், மாருதியை முதல் தொடங்கின சஞ்சய் காந்தியின்ர பிறந்தநாள், அந்தத் திகதியைத் தவற விடேலாது. அதுக்கு முதலே லட்சத்துக்கு மேல சனம் காசு கட்டிப் பதிஞ்சுபோட்டுப் பாத்துக்கொண்டு இருக்குது. 14 மாசம்! எங்கட ஊரில ஒரு மதகு கட்டி முடிக்க எவ்வளவு காலம் எண்டு உங்களுக்கே தெரியும்.

1985இல செயில், இந்திய அரசாங்கத்தின்ர உருக்குக் கொம்பனி, பிலாய், ரூர்கேலா, துர்காப்பூர், பொகாரோ எண்டு ஒவ்வொரு ஆலையும் ஒரு பட்டினம் மாதிரி. 1990 வரைக்கும் அதுக்கும் சேர்மன், மாருதிக்கும் சேர்மன். பத்மஸ்ரீ 1973, பத்மபூஷண் 1986, பத்மவிபூஷண் 2007. 2022 ஜூனில சென்னையில காலமானார், 97 வயசு.

சரி, இது பயோடேட்டா. அம்மா, நீங்கள் கேட்டது அவர் எப்பிடி மேல போனவர் எண்டு. நான் சொல்லுறன், அந்தக் கேள்வியைக் கொஞ்சம் திருப்பிப் போடுங்கோ. மேல போன இடத்தில இந்த மனுசன் முதல் வேலையா என்ன செய்தவர்? அதைக் கேட்டா மற்றதுக்குத் தானாப் பதில் வரும்.

மாருதி பக்டரியில எல்லாருக்கும் ஒரே யூனிபோம். சேர்மனுக்கும் அதுதான், காருக்குச் சக்கரம் பூட்டுற பெடியனுக்கும் அதுதான். எல்லாருக்கும் ஒரே கன்ரீன், ஒரே வரிசை, தட்டை எடுத்துக்கொண்டு நிக்க வேணும். பெரியாக்களுக்குத் தனி அறை இல்லை, திறந்த கந்தோர், வரிசையா மேசை. ஜப்பான்காரரிட்ட இருந்து வந்த பழக்கம் எண்டு சொல்லுவீனம், உண்மைதான், ஆனா ஜப்பான்காரர் சொன்னதெல்லாத்தையும் எல்லா இடத்திலயும் செய்தவையே? ஒரு அரசாங்கக் கொம்பனியில, அதுவும் 1983இல, அதிகாரிக்குத் தனி அறை, தனிக் கார், தனிக் கன்ரீன் எண்டு பழகின டெல்லிக்குப் பக்கத்தில அதைச் செய்து காட்டினதுதான் பெரிய விசயம்.

நான் ஒரே கன்ரீன், ஒரே கன்ரீன் எண்டு எல்லா வீடியோவிலயும் சொல்லுறன், சிலர் கொமன்ற்றில ஐயா திரும்பவும் கன்ரீனுக்கு வந்திட்டார் எண்டு போடுறியள். திரும்பவும் வருவன். ஏனெண்டா அந்த இடத்திலதான் விசயம் கிடக்கு. செயிலுக்குப் போன உடன அவர் டெல்லிக் கந்தோரில இருந்து கடிதம் எழுதிக்கொண்டு இருக்கேல்லை. ஆலை ஆலையாப் போனவர், தொழிலாளரோட, யூனியன்காரரோட, மனேஜர்மாரோட கூட்டம் கூட்டமா இருந்து கதைச்சவர். அதுக்குப் பிறகுதான் எதை முதல் செய்யிறது எதைப் பிறகு செய்யிறது எண்டு வரிசைப்படுத்தி ஒரு ஆவணம் எழுதினது. முதல் காது, பிறகுதான் பேனை.

இப்ப என்ர பெரியப்பாவின்ர கதையைச் சொல்லுறன், பழைய ஆக்களுக்குத் தெரியும், புது ஆக்கள் கேளுங்கோ. பெரியப்பா காங்கேசன்துறை சீமெந்துப் பக்டரியில ஃபிற்றர். 1950இல தொடங்கின பக்டரி, ஜீ.ஜீ. பொன்னம்பலம் கைத்தொழில் மந்திரியா இருந்த காலம், வாழைச்சேனைக் கடதாசி ஆலை, பரந்தன் எல்லாம் அந்த ஓட்டத்தில வந்ததுகள்தான். பெரியப்பா பின்னேரம் வந்தா சைக்கிளை முத்தத்தில நிப்பாட்டிப்போட்டு, சேட்டைக் கழட்டிக் கிடுகு வேலியில ரெண்டு அடி அடிப்பார். சாம்பல் நிறத்தில தூள் பறக்கும். மழை பெய்தா அந்த இடத்துக் கிடுகு இறுகிப்போய்க் கிடக்கும், நாங்கள் சின்னனில அதை நகத்தால சுரண்டிச் சுரண்டிக் கட்டி கட்டியா எடுப்பம், பெரியம்மா ஏசுவா. அந்தக் கட்டியின்ர மணம் இப்பவும் எனக்கு மூக்கில நிக்குது.

பெரியப்பா சொல்லுவார், ஒரு எஞ்சினியர் புதுசா வந்தவராம், இளம் பெடியன், கில்ன், அதுதான் சீமெந்துக்குச் சுண்ணாம்புக் கல்லைச் சுடுற பெரிய சூளை, அதைத் திருத்துற நாள் மத்தியானம் சாப்பாட்டுக்குப் போகாமல் இவையோட நிலத்தில சப்பாணி கட்டி இருந்திட்டாராம். பெரியப்பாவின்ர இடியப்பப் பார்சலை விரிச்சா, அண்ணை, சம்பல் கொஞ்சம் தாங்கோ எண்டு கேட்டவராம். அப்பிடியே சாப்பிட்டுக்கொண்டு, உந்த உருளைப் பக்கம் ஒரு சத்தம் கேக்குது, உங்களுக்கும் கேக்குதோ எண்டு கேட்டாராம். பெரியப்பா எந்த உருளை, எந்த நேரத்தில கூடக் கேக்கும், சூடு ஏறினாக் கேக்குமோ ஆறினாக் கேக்குமோ எண்டு எல்லாம் சொன்னவர். அந்தப் பெடியன் கையைக் கழுவிப்போட்டுச் சின்னக் கொப்பி ஒண்டை எடுத்து எழுதினாராம், எழுதிப்போட்டு அடியில பெரியப்பாவின்ர பேரையும் எழுதினாராம். அந்தப் பேர் எழுதினதைப் பெரியப்பா சாகும் வரைக்கும் சொன்னவர். உருளை என்னமாதிரித் திருத்தினது எண்டு ஒரு நாளும் சொன்னதில்லை, பேர் எழுதினதை மட்டும் நூறு தரம் சொன்னவர்.

இதுக்கு எதிர்மாறானதையும் நான் கண்டனான். நான் வேலை செய்த ஒரு கந்தோர், பேர் வேண்டாம், அங்க அதிகாரிமாருக்குக் கிளாஸில தேத்தண்ணி, மற்றாக்களுக்கு நெளிஞ்ச அலுமினியக் கோப்பை. ஒரு முறை தண்ணிப் பம்பி நிண்டுபோச்சு, பாகம் கொழும்பில இருந்து வரவேணும் எண்டு நாலு மாசம் காத்திருந்தம், கடிதத்துக்கு மேல கடிதம். கடைசியில பாத்தா அந்தப் பாகம் எங்கட ஸ்ரோர்ஸிலயே ராக்கையில கடதாசி சுத்தினபடி கிடக்குது. ஸ்ரோர்ஸில இருந்த அண்ணைக்கு அது தெரியும். ஏன் அண்ணை சொல்லேல்லை எண்டு கேட்டன். "என்னை ஆர் தம்பி கேட்டது?" எண்டார். எனக்கு அண்டைக்கு வந்த வெக்கம் இப்பவும் போகேல்லை, ஏனெண்டா அந்த நாலு மாசமும் நானும் கிளாஸில குடிச்சவன்தான், நானும் கேக்கேல்லை.

இப்ப விளங்குதோ அம்மா, நான் ஏன் கன்ரீன் கன்ரீன் எண்டு நிக்கிறன் எண்டு. கிருஷ்ணமூர்த்தி விமானத் தளத்தில கருவி பிடிச்ச ஆள், அடியில நிக்கிறவனுக்கு என்ன தெரியும் எண்டு அவருக்குத் தெரியும். டிகிரியோட நேர மேல் கதிரைக்கு வந்த கன பேருக்கு அது தெரியச் சந்தர்ப்பம் கிடைக்கிறேல்லை. உங்கட மகனுக்கு அந்தச் சந்தர்ப்பம் இப்ப கையில இருக்கு. ஏணியில ஏறி நிண்டு பாக்கிறவனுக்குத் தெரியிறது கந்தோரில பைல் பாக்கிறவருக்குத் தெரியாது.

ஆனா நான் உங்களுக்குப் பொய் சொல்லக்கூடாது. அவர் போன காலம் வேற. சுதந்திரம் கிடைச்ச கையோட இந்தியா பக்டரி பக்டரியாத் திறந்த நேரம், ஆளில்லை, கையில வேலை தெரிஞ்சவனை இழுத்து மேல விட்டவை. இஞ்ச நிலைமை அப்பிடியில்லை. சீமெந்துப் பக்டரி 1990ஓட நிண்டது, சுண்ணாம்புக் கல்லு தோண்டின கிடங்குகள்தான் அந்தப் பக்கம் மிச்சம். பெரிய அரச நிறுவனமெண்டா அனேகமாக் கொழும்புதான். பதவி உயர்வுக்குத் தராதரப் பத்திரம் கேப்பீனம், அதை இல்லையெண்டு சொல்லேலாது. அதால மகனைப் படிக்கச் சொல்லுங்கோ, வேலையை விடாமல் படிக்கலாம், திறந்த பல்கலைக்கழகத்தின்ர பிராந்திய நிலையம் யாழ்ப்பாணத்திலயும் இருக்கு, பொறியியல் பக்கமும் படிப்பிக்கீனம், என்னென்ன தகுதி வேணும் எண்டு அங்க நேர போய்க் கேக்கட்டும், சொந்தக்காரரிட்டக் கேக்க வேண்டாம்.

படிக்கிறதோட இன்னுமொண்டு. அந்த எஞ்சினியர் பெடியன் வைச்சிருந்த மாதிரிச் சின்னக் கொப்பி ஒண்டு வாங்கிக் குடுங்கோ. அண்டண்டைக்கு எந்த இடத்தில என்ன பழுது, எப்பிடிக் கண்டுபிடிச்சது, ஆர் சொல்லித் தெரிஞ்சது, சொன்னவரின்ர பேர் என்ன, எல்லாத்தையும் எழுதட்டும். பேர் முக்கியம், பேரை விடக்கூடாது. பத்து வருசத்தில அந்தக் கொப்பிகள் அடுக்கா இருக்கும், நேர்முகப் பரீட்சையில அவன் கதைக்கிற கதை வேற மாதிரி இருக்கும்.

அம்மா, ஒண்டு மட்டும் மகனிட்டக் கேட்டு எனக்கு எழுதுங்கோ, அவன் வேலை செய்யிற இடத்தில மத்தியானம் ஆரோட இருந்து சாப்பிடுறவன் எண்டு. பதில் வந்தா நான் இஞ்ச வாசிக்கிறன். மற்றாக்களும் எழுதுங்கோ, காங்கேசன்துறையில, வாழைச்சேனையில, பரந்தனில வேலை செய்த அப்பா, பெரியப்பாமாரின்ர கதை ஆருக்கெண்டாலும் தெரிஞ்சா கட்டாயம் எழுதுங்கோ, வெளிநாட்டில இருக்கிற ஆக்களும்தான். அடுத்த வியாழன் பரந்தன் ரெண்டாம் பகுதி, குளோரீன் எப்பிடி எடுத்தவை எண்டதில இருந்து தொடங்குவம். போட்டு வாறன்.