பாஸ்போர்ட் யார் பீரோவில் இருக்கிறது?

(ஓய்வுபெற்ற பெண்களின் கூட்டத்தில் பேசியது)

அவைத் தலைவர் அம்மா அவர்களே, மகளிர் கல்லூரி முதல்வர் அவர்களே, நம் எல்லார் வீட்டுப் பிள்ளைகளையும் முதலில் கையில் ஏந்திய டாக்டர் அம்மா அவர்களே, காலையிலிருந்து நாற்காலி போட்டு, மைக் கட்டி, இப்போது பின்வரிசையில் நின்றுகொண்டே கேட்கும் தம்பிகளே, என் அன்புச் சகோதரிகளே, எல்லோருக்கும் வணக்கம்.

முதல்வர் அவர்களுக்கு இன்று தேர்வு நாள். விடைத்தாள் கட்டுகளைப் பூட்டி வைத்துவிட்டு நேராக இங்கே வந்திருக்கிறார்கள். டாக்டர் அம்மா மாலை மருத்துவமனை நேரத்தை நமக்காகத் தள்ளி வைத்திருக்கிறார்கள். இந்த மண்டபத்தை வாடகை வாங்காமல் தந்த ஐயா மேடைக்கு வர மறுத்து அந்தத் தூண் ஓரம் உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு ஒரு கைதட்டல் தரலாமே. பொன்னாடைக்குப் பதிலாக எல்லோருக்கும் புத்தகம் கொடுத்த செயலாளருக்கும் என் நன்றி. ஆறு பொன்னாடை வீட்டில் மடித்தபடியே இருக்கிறது, புத்தகத்தை நான் படிப்பேன்.

'தனியாகப் போய் வந்தேன்' என்று செயலாளர் தலைப்பு கொடுத்தார். ஒன்பது நாள், சிங்கப்பூர், நான் ஒருத்தி மட்டும். நான்கு விஷயம் சொல்ல வந்திருக்கிறேன். தோழிகளைப் பார்த்தது, வெளியில் சாப்பிட்டது, சூதாட்டக்கூடத்துக்குள் போனது, நான்காவதாகப் பயணக் காப்பீடு. நான்காவதைக் கட்டாயம் சொல்வேன். அதைத்தான் யாரும் சொல்வதில்லை.

34 வருடம் வங்கியில் காசாளராக இருந்தேன். ஆனால் வங்கியில் சேருவதற்கு முன்பே என் அம்மா எனக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டாள், ஒரே வரியில்: ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு. இதை நம் வீடுகளில் சிக்கனத்துக்குச் சொல்வார்கள். எனக்கு அது வேறு மாதிரி கேட்கிறது. ஆற்றில் போடாதே என்று அம்மா சொல்லவே இல்லை. போடலாம், எவ்வளவு என்று தெரிந்து போடு என்றாள். செலவழிக்க எனக்குக் கிடைத்த முதல் அனுமதி அதுதான். இன்று முழுக்க அந்த வரியைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் தோழிகள். அங் மோ கியோவில் ஒருத்தி இருக்கிறாள், கல்லூரி விடுதியில் என் அறைத்தோழி. பார்த்து 26 வருடம் ஆகியிருந்தது. வீவக வீடு, 11ஆம் மாடி. சிங்கப்பூர்த் தமிழர்கள் அரசாங்க அடுக்குமாடி வீட்டை அப்படித்தான் சொல்வார்கள். ஜன்னலுக்கு வெளியே மூங்கில் கழி நீட்டித் துணி காயப் போடுவார்கள். நான்கு நாள் அவள் வீட்டில் இருந்தேன். என்ன செய்தோம் என்று மகள் கேட்டாள். சின்ன வெங்காயம் உரித்தோம். கழியில் துணி போட்டோம். விடுதியில் எங்களைத் திட்டிய வார்டன் அம்மாவை நினைத்து அழுதோம். ஒரு நாளைக்கு ஒரு இடத்துக்குமேல் போவதில்லை என்று முதல் நாளே பேசி வைத்துக்கொண்டோம். அட்டவணை போட்டுக் கூட்டிப் போகிற சுற்றுலாவில் 26 வருடத்துக் கதையை எந்த இடைவேளையில் பேசுவது?

இன்னொருத்தி பொங்கோலில், மகன் வீட்டில் இருக்கிறாள். என்னோடு பக்கத்துக் கவுண்டரில் இருந்தவள். பேரனைப் பாலர் பள்ளியில் விட்டுவிட்டு, திரும்ப அழைக்கப் போகும் வரைதான் அவளுக்கு நேரம். அந்த மூன்று மணி நேரத்துக்குள் அவள் சொன்ன ஒரு விஷயம் என்னைத் தூங்க விடவில்லை. அதை அப்புறம் சொல்கிறேன்.

சாப்பாட்டுக்கு வருகிறேன். சிங்கப்பூரின் உணவங்காடிப் பண்பாட்டை யுனெஸ்கோ 2020 டிசம்பரில் உலகப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. ஒரு கூரைக்குக் கீழே நூறு கடை, நடுவில் பொது மேசை. மேசையில் ஒரு டிஷ்யூ பொட்டலத்தை வைத்துவிட்டுப் போனால் அந்த இடம் உங்களுடையது, யாரும் உட்கார மாட்டார்கள். சாப்பிட்ட தட்டை நாமே எடுத்துப் போய் வைக்க வேண்டும், 2021 செப்டம்பரிலிருந்து அது சட்டம். காபிக்குத் தனி மொழியே இருக்கிறது. 'கோப்பி ஓ' என்றால் பால் இல்லாத காபி, 'கோப்பி ஓ கொசொங்' என்றால் சர்க்கரையும் கிடையாது. கொசொங் என்பது மலாய்ச் சொல், வெறுமை, பூச்சியம். இந்தச் சொல்லை நினைவில் வையுங்கள், அப்புறம் வரும்.

தேக்கா நிலையம் என்ற உணவங்காடியில் ஒரு மதியம் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டேன். எதிரே ஒரு சீனத்துப் பாட்டி, அவரும் தனி. பக்கத்து மேசையில் சீருடை போட்ட ஒரு பெண், தனி. யாரும் யாரையும் பார்க்கவில்லை. நம் ஊர் ஓட்டலில் ஒரு பெண் தனியாகப் போய் உட்கார்ந்தால் சர்வர் தண்ணீர் வைக்கும்போதே 'கூட யாராவது வர்றாங்களாம்மா?' என்று கேட்பார். மரியாதையாகத்தான் கேட்கிறார். ஆனால் நாம் உடனே 'பார்சல்' என்று சொல்லிவிடுகிறோம், இல்லையா? அந்த மதியம் நான் இரண்டாவது கோப்பியும் வாங்கிக் குடித்தேன். 62 வயதில் எனக்கு அது பெரிய விஷயம்.

சரி, எல்லோரும் எதற்குக் காத்திருக்கிறீர்கள் என்று தெரியும். சூதாட்டக்கூடம்.

அங்கே இரண்டே இடத்தில்தான் உண்டு, செந்தோசாவிலும் மரினா பேயிலும். இரண்டும் திறந்தது 2010இல். நாங்கள் போனது மரினா பேக்கு, மூன்று கோபுரத்தின் தலையில் கப்பலைத் தூக்கி வைத்தது மாதிரி இருக்குமே, அங்கே. வாசலில்தான் எங்களுக்குச் சட்டம் புரிந்தது. வெளிநாட்டுக்காரி நான், 21 வயது தாண்டியிருக்கிறேன், பாஸ்போர்ட்டைக் காட்டினால் போதும், கட்டணம் இல்லை. என் அறைத்தோழி சிங்கப்பூர் நிரந்தரவாசி. அவள் உள்ளே வர 24 மணி நேரத்துக்கு 150 வெள்ளி கட்ட வேண்டும். அங்கே டாலரை வெள்ளி என்றுதான் சொல்கிறார்கள். 2019க்கு முன்னால் அது 100 வெள்ளியாக இருந்தது, உயர்த்தினார்கள். தன் மக்களுக்குக் கதவைக் கனமாக்கி வைத்திருக்கிறது அந்த அரசாங்கம். அந்தப் பணம் பொதுநலக் காரியங்களுக்குப் போகிறது. ஒருவர் சூதாடிக் குடும்பத்தைக் கெடுத்தால், மனைவியோ பிள்ளையோ விண்ணப்பித்து அவருக்குத் தடை வாங்கலாம். தனக்குத் தானே தடை கேட்கவும் வழி உண்டு. உள்ளே ஏ.டி.எம். வைக்கக் கூடாது. ஒரு நாடே ஆற்றிலே அளந்து போடுகிறது என்று எனக்குப் பட்டது.

தோழி சொன்னாள், 'நீ போய்ட்டு வா, நான் தண்ணி ஓரமா உட்கார்ந்திருக்கேன்.' பையை அவளிடம் கொடுத்தேன். ஒரு கையில் பாஸ்போர்ட், ஒரு கையில் கவர். கவரில் ஒரு 50, ஒரு 10, ஆக 60 வெள்ளி. அவ்வளவுதான் என் ஆறு.

உள்ளே கடிகாரத்தைத் தேடினேன், என் கண்ணில் ஒன்றுகூடப் படவில்லை. கம்பளம் காலை அமுக்கியது. நான் உட்கார்ந்தது சக்கரம் சுற்றும் ஆட்டத்தில், ரூலெட். பந்து எந்த நிறக் குழியில், எந்த எண்ணில் விழும் என்று பணம் வைக்க வேண்டும். நம் முன்னால் திரை, நோட்டை விழுங்கிக்கொண்டு கணக்கில் ஏற்றிக்கொள்கிறது. பக்கத்து இருக்கையில் மலேசியாவின் ஜொகூரிலிருந்து வந்த ஒருவர், நம் ஆள், என் புடவையைப் பார்த்ததும் 'அக்கா, புதுசா?' என்றார். ஆமாம் என்றேன். 5 வெள்ளி சிவப்பில் வைத்தேன், வந்தது. மறுபடி வைத்தேன், வந்தது. சிவப்பு ஏழு தடவை தொடர்ந்து வந்தது. நடுவில் என் மகள் பிறந்த தேதி 19 என்று அந்த எண்ணில் அவ்வப்போது ஒரு வெள்ளி வைத்தேன், அதுவும் ஒரு தடவை விழுந்தது, ஒன்றுக்கு 35. கையில் 112 வெள்ளி! என் காது சூடாகிவிட்டது. 34 வருடம் மற்றவர்கள் பணத்தை எண்ணியிருக்கிறேன். எந்த உழைப்பும் இல்லாமல் பணம் இரட்டிப்பாவதை அன்றுதான் பார்க்கிறேன்.

அந்தத் தம்பி குனிந்து சொன்னார், 'அக்கா, ஏழு சிவப்பு வந்தாச்சு. இனிமே கறுப்புதான். பெருசா வைங்க.' எனக்குத் தெரியும், சக்கரத்துக்கு ஞாபகம் கிடையாது. 1913இல் ஐரோப்பாவில் மாண்டி கார்லோ சூதாட்டக்கூடத்தில் கறுப்பு 26 தடவை தொடர்ந்து விழுந்தது. அடுத்தது சிவப்புதான் என்று வைத்துக்கொண்டே போனவர்கள் மூழ்கினார்கள். இதை நான் படித்திருக்கிறேன். படித்திருந்தும் 5 வைத்த கை 10 வைத்தது, 10 வைத்த கை 20 வைத்தது. எட்டாவது தடவையும் சிவப்பு. ஒன்பதாவது, பந்து பச்சையில் போய் உட்கார்ந்தது. தம்பி நெற்றியில் அடித்துக்கொண்டு 'கொசொங்!' என்றார். பூச்சியம். என் காபிச் சொல்!

அந்தப் பச்சைக் குழிதான் கடைக்காரரின் பிழைப்பு, சகோதரிகளே. சக்கரத்தில் 37 குழி. 18 சிவப்பு, 18 கறுப்பு, ஒரு பச்சை. எண்ணில் வென்றால் வைத்த வெள்ளியோடு 35 மடங்கு, ஆக 36 தருகிறார்கள், ஆனால் குழி 37. அந்த இடைவெளியில், வைக்கிற ஒவ்வொரு 100 வெள்ளியிலும் சராசரியாக 2 வெள்ளி 70 காசு அவர்களிடம் நின்றுவிடும். சில ஊர்ச் சக்கரத்தில் பச்சை இரண்டு இருக்கும், அங்கே 5 வெள்ளிக்குமேல் போகும். ராத்திரி முழுக்க உட்கார்ந்தால் யாராக இருந்தாலும் கரைந்துதான் ஆக வேண்டும்.

கால் மணி நேரத்தில் 112 என்பது 22 ஆனது. கை அடுத்த 20க்குப் போகும்போது தொலைபேசி அடித்தது. 'எங்கடி இருக்கே? ஒன்பது மணிக்குத் தண்ணியில விளக்கு காட்டுவாங்க, வா.' என் பை அவளிடம். அதற்குள் இருக்கும் பணத்துக்கு என் கை எட்டாது. எழுந்தேன். கவுண்டரில் சீட்டைக் கொடுத்தேன். அந்தப் பெண் இரண்டு பத்து வெள்ளி, ஒரு இரண்டு வெள்ளி, மூன்று நோட்டையும் விசிறி மாதிரி மேசையில் விரித்துக் காட்டிவிட்டுத் தந்தாள். நானும் வாழ்நாள் முழுக்க அப்படித்தான் விரித்தேன். ஒரு தொழில்காரியை இன்னொரு தொழில்காரி பார்த்த சந்தோஷம் எனக்கு.

தண்ணீர் ஓரம் விளக்குக் காட்சி பார்த்தோம். அப்புறம் லாவ் பா சாட் உணவங்காடிப் பக்கம், ராத்திரியில் தெருவை மூடி சாத்தே, அதாவது குச்சியில் கோத்த இறைச்சி, சுடுவார்கள், அந்த 22 வெள்ளியில் இரண்டு பேரும் வயிறாரச் சாப்பிட்டோம். செலவு 38 வெள்ளி. ஆற்றிலே போட்டேன், அளந்து போட்டேன். அதில் எனக்குத் துளி வருத்தம் இல்லை.

என் வருத்தம் வேறு. வாசலில் அந்த அதிகாரி பாஸ்போர்ட்டை வாங்கி என் முகத்தைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், 'ப்ளீஸ்' என்று உள்ளே காட்டினார். அது புதுப்பித்த பாஸ்போர்ட். பழையது எத்தனை வருடம் எங்கே கிடந்தது தெரியுமா? என் வீட்டுக்காரர் பீரோவில், அவர் சாவியில். எடுத்தது மகளின் பிரசவத்துக்காக. நான் தேடி எடுத்தபோது காலாவதியாகி நான்கு வருடம் ஆகியிருந்தது. அவர் ஒளித்து வைக்கவில்லை, நல்ல மனிதர். நானும் கேட்கவில்லை. நம் வயதுப் பெண்ணிடம் பாஸ்போர்ட் இருந்தால், பெரும்பாலும் அது யாருக்கோ பத்தியம் சமைக்கப் போவதற்காக எடுத்தது.

பொங்கோல் தோழி சொன்னதும் இதுதான். அங்கே போய் நான்கு வருடம். மரினா பே அவளுக்கு ரயிலில் ஒரு மணி நேரம்கூட இல்லை, தனியாகப் போனதே இல்லை. ஏன் என்றேன். 'பாஸ்போர்ட் மகன் லாக்கர்ல இருக்கு, அது இல்லாம வெளிய போக பயமா இருக்கு' என்றாள். லாக்கரில் வைத்தால் பத்திரம்தான். யாருக்குப் பத்திரம்?

போன மாதம் நம் உறுப்பினர்களிடம் ஒவ்வொருவராகக் கேட்டேன். பாதிப் பேருக்குப் பாஸ்போர்ட்டே இல்லை. இருப்பவர்களில் பலர் எங்கே இருக்கிறது என்று வீட்டில் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார்கள். அதனால்தான் இந்த மேடையைக் கேட்டு வாங்கினேன்.

விண்ணப்பிக்கக் கணவர் அனுமதிக் கடிதம் எதுவும் வேண்டாம். 36 பக்கப் பாஸ்போர்ட்டுக்கு 1,500 ரூபாய், பத்து வருடம் செல்லும். 60 வயது தாண்டியவர்கள் புதிதாக எடுத்தால் 10 சதவீதம் தள்ளுபடி. 2017 முதல் தபால் நிலையங்களிலும் பாஸ்போர்ட் சேவை மையம் வைத்திருக்கிறார்கள். வந்த பிறகு உங்கள் கைப்பையில், உங்கள் சாவியில் வையுங்கள். சிங்கப்பூருக்கு விசா வேண்டும், அங்கீகாரம் பெற்ற முகவர் வழியாக வாங்கலாம். இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும், அது இலவசம். காசு கேட்கிற இணையத்தளம் எதுவாக இருந்தாலும் மூடிவிடுங்கள். பாஸ்போர்ட்டில் ஆறு மாதமாவது மிச்சம் இருக்கிறதா என்று பாருங்கள்.

தலைவர் அம்மா கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். காப்பீட்டுக்கு நேரம் இல்லை, மன்னிக்க வேண்டும், தேநீர் நேரத்தில் என்னைப் பிடித்துக் கேளுங்கள்.

ஒன்றே ஒன்று. போன வாரம் பொங்கோல் தோழி அழைத்தாள். மகனிடம் கேட்டிருக்கிறாள், அவன் 'இதுக்கா இத்தனை நாள் யோசிச்சீங்கம்மா' என்று அன்றே எடுத்துக் கொடுத்துவிட்டான். தேக்காவிலிருந்துதான் பேசினாள். பேரனை விட்டுவிட்டு ரயில் ஏறியிருக்கிறாள். பின்னால் பாத்திரச் சத்தம் கேட்டது.

வாசல் பக்கம் ஒரு மேசை போட்டிருக்கிறேன். என் அண்ணன் மகள் மடிக்கணினியோடு உட்கார்ந்திருக்கிறாள், விண்ணப்பம் இணையத்தில்தான். ஆதாரும் பிறந்த தேதிச் சான்றும் கையில் இருப்பவர்கள் இன்றே முடிக்கலாம், இல்லாதவர்கள் பெயர் கொடுங்கள், செவ்வாய்க்கிழமை நானே உங்கள் வீட்டுக்கு வருகிறேன். டாக்டர் அம்மா தன்னுடையது காலாவதியாகி ஆறு வருடம் ஆகிறது என்று இப்போதுதான் காதில் சொன்னார்கள். வரிசையில் முதல் ஆள் அவர்கள். அவர்களுக்குப் பின்னால் நில்லுங்கள்.