9 லட்சம் கிலோவுக்கு ஒரு கிராம் சாட்சி

(உலக மண் நாளையொட்டி, மதுரை மாவட்டம் மேலூர்ப் பக்கம் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் பிளஸ் டூ மாணவர்களிடமும் பெற்றோரிடமும் பேசியதன் எழுத்து வடிவம்.)

தலைமையாசிரியர் அவர்களே, ஆசிரியப் பெருமக்களே, பிள்ளைகளே, வயல் வேலையை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கும் பெற்றோர்களே, எல்லாருக்கும் வணக்கம்.

மண்ணியல் படித்தால் என்ன வேலை கிடைக்கும் என்று பேசச் சொல்லித்தான் என்னைக் கூப்பிட்டார்கள். அதைக் கடைசியில் சொல்கிறேன். அந்த வேலையில் என்னதான் செய்வோம் என்பது முதலில் தெரிய வேண்டாமா? சம்பளத்தைக் கேட்டுச் சேர்ந்துவிட்டு, வேலை பிடிக்காமல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு காலம் தள்ளுபவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

ஒரு கணக்குப் போடுவோம். ஓர் ஏக்கர் நிலத்தின் மேல்மண்ணை மட்டும், 15 சென்டிமீட்டர் ஆழத்துக்கு அள்ளி எடை போட்டால் கிட்டத்தட்ட 9 லட்சம் கிலோ வரும். அதிலிருந்து ஆய்வகத்துக்கு வந்து சேர்வது அரை கிலோ. மக்கிய இலைதழையும் எருவும் மண்ணில் விட்டுவைத்த கரிமம் எவ்வளவு என்று பார்க்க நாங்கள் குடுவையில் போடுவது ஒரே ஒரு கிராம். அந்த ஒரு கிராமைச் சாட்சிக் கூண்டில் ஏற்றித்தான் 9 லட்சம் கிலோவுக்கும் தீர்ப்பு எழுதுகிறோம்: ஏக்கருக்கு இத்தனை மூட்டை யூரியா என்று. சாட்சி பொய்யாகிவிட்டால், அப்புறம் எவ்வளவு விலை உயர்ந்த கருவி இருந்து என்ன பயன்? அதனால் யாராவது மண் பரிசோதனை முடிவைக் கொண்டுவந்து நீட்டினால், எண்களைப் படிக்கும் முன் நான் கேட்பது ஒன்றுதான்: "மண்ணை எடுத்தது யாரு, எப்படி எடுத்தீங்க?"

எப்படி எடுக்க வேண்டும்? அறுவடை முடிந்து, அடியுரம் போடுவதற்கு முன்னால் எடுக்க வேண்டும். வரப்போரம் கூடாது. மர நிழல், வாய்க்கால் ஓரம், எருக்குப்பை கொட்டி வைத்திருந்த இடம் எதுவும் கூடாது. வயலுக்குள் கோணல்மாணலாக நடந்து பத்துப் பதினைந்து இடங்களில் நிற்க வேண்டும். ஒவ்வோர் இடத்திலும் மேலே கிடக்கும் சருகையும் புல்லையும் ஒதுக்கிவிட்டு, மம்பட்டியால் ஆங்கில 'வி' மாதிரி வெட்டி, அந்த மண்ணை வெளியே தள்ளிவிட வேண்டும். நமக்கு வேண்டியது குழியின் பக்கச் சுவர். அதை மேலிருந்து கீழ்வரை ஓர் அங்குல கனத்துக்கு ஒரே சீராகச் சீவி எடுக்க வேண்டும். எல்லா இடத்து மண்ணையும் ஒன்றாகக் கலந்து, தாளில் பரப்பி, நாலு பங்காக்கி, எதிரெதிர்ப் பங்கு இரண்டைத் தள்ளிவிட்டு, மிச்சத்தை மறுபடி கலந்து மறுபடி நாலாக்கி, அரை கிலோ வரும்வரை இப்படியே செய்ய வேண்டும். பிறகு நிழலில் உலர்த்தித் துணிப்பையில் கட்ட வேண்டும். இரும்பு, துத்தநாகம் மாதிரி நுண்ணூட்டச் சத்தும் பார்க்க வேண்டுமென்றால், மம்பட்டி பட்ட மண்ணை மரக்குச்சியால் சுரண்டிக் கழித்துவிட வேண்டும்.

காலி யூரியாச் சாக்கில் மண்ணைக் கட்டிக்கொண்டு வந்த அண்ணன்மாரும் உண்டு. அந்த மண்ணில் தழைச்சத்துக்கு, அதாவது நைட்ரஜனுக்கு, பஞ்சமே இருக்காது!

சிரிக்கிறீர்கள். ஆனால் ஆராய்ச்சிக் கட்டுரைகளிலும் இந்தக் கூத்து நடக்கும். ஆய்வகத்துக்குள் மூன்றாம் தசமம் வரை துல்லியம் பார்ப்பவர்கள், வயலில் மதிய வெயிலுக்குப் பயந்து வரப்போரமாகவே நாலு இடத்தில் அள்ளிக்கொண்டு ஜீப்பில் ஏறிவிடுவார்கள். இந்தத் துறைக்கு வருகிற பிள்ளைக்கு முதலில் வேண்டியது நடக்கிற கால்தான். மூளையெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

சரி, ஆய்வகத்துக்குள் போவோம். நான் சொன்ன அந்த ஒரு கிராம் மண். அதில் ஆரஞ்சு நிறப் பொட்டாசியம் டைகுரோமேட் கரைசல் 10 மில்லி, அடர் கந்தக அமிலம் 20 மில்லி. ஊற்றியவுடன் குடுவை கொதிக்கிற சூடாகிவிடும். அந்தச் சூட்டில் மண்ணிலுள்ள கரிமம், டைகுரோமேட்டில் ஒரு பகுதியைச் செலவழித்துவிடும். அரை மணி நேரம் கழித்துத் தண்ணீர் ஊற்றி, நிறங்காட்டியாக டைபினைலமின் விட்டு, பியூரெட்டிலிருந்து ஃபெரஸ் அம்மோனியம் சல்பேட்டைச் சொட்டுச் சொட்டாக இறக்க வேண்டும். கருநீலமும் ஊதாவுமாகக் கலங்கிக் கிடக்கும் கரைசல், ஒரே சொட்டில் பளிச்சென்று பச்சையாகும். உங்கள் வேதியியல் லேபில் செய்கிற அதே டைட்ரேஷன்தான். வாக்லி, பிளாக் என்ற இருவர் 1934இல் வெளியிட்ட முறை, இன்றுவரை ஓடிக்கொண்டிருக்கிறது. மீதியிருக்கும் டைகுரோமேட்டைக் கண்டுபிடித்தால், மண் எவ்வளவு கரிமம் வைத்திருந்தது என்று தெரிந்துவிடும். 0.5 சதவீதத்துக்குக் கீழே என்றால் குறைவு, 0.75க்கு மேலே என்றால் நல்ல மண். நம் பக்கத்து மானாவாரிச் செவலில், அதாவது செம்மண்ணில், 0.5ஐத் தொடுவதே பெரும்பாடு.

இப்போது மல்லிகைக்கு வருகிறேன். மதுரை மல்லிக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது எல்லாருக்கும் தெரியும். அந்தச் செடி மஞ்சளாகிப் போகிற கதை, பயிரிடுகிறவர்களுக்குத்தான் தெரியும். இலை மஞ்சளானதும் உரக்கடைக்குப் போனால் யூரியா என்பார்கள். போட்டுப் பார்த்தும் மஞ்சள் போகாது. செடியின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பாருங்கள். அடியிலுள்ள முதிர்ந்த இலை முதலில் மஞ்சளானால் தழைச்சத்துக் குறைவு. நுனிக் கொழுந்து மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாக வலை போட்டதுபோல நின்றால் இரும்புச்சத்துக் குறைவு. மண்ணில் இரும்பு ஏராளமாக இருக்கும். ஆனால் சுண்ணாம்பு மிகுந்த, காரத்தன்மை ஏறிய மண்ணில் வேரால் அதை எடுக்க முடியாது. அதனால்தான் லிட்டருக்கு 5 கிராம் ஃபெரஸ் சல்பேட் கரைத்து இலைமேலேயே தெளிக்கச் சொல்கிறோம். இத்தோடு முடிந்ததா? வேரழுகலிலும் மஞ்சளாகும், நூற்புழு தாக்கினாலும் மஞ்சளாகும். ஒரு செடியைப் பிடுங்கி வேரைப் பார்க்காமல் மருந்து சொல்கிறவரை நம்பாதீர்கள், அவர் டாக்டர் பட்டம் வாங்கியவராக இருந்தாலும்.

பிள்ளைகளே, ஒரே மாவட்டத்துக்குள் எத்தனை மண் இருக்கிறது பாருங்கள். 1895இல் பெரியாறு அணை கட்டி முடித்துத் தண்ணீர் இந்தப் பக்கம் திரும்பியதிலிருந்து, பேரணை முதல் கள்ளந்திரி வரை இருபோகம். நம் மேலூருக்கு ஒருபோகம். திருமங்கலம் தாண்டிக் கல்லுப்பட்டி, பேரையூர்ப் பக்கம் போனால் கரிசல். மழை பெய்தால் ஊதும், காய்ந்தால் கை நுழைகிற அளவுக்கு வெடிக்கும். மாண்ட்மோரிலோனைட் என்ற களிமண் கனிமம் செய்கிற வேலை அது. கரிசலில் சாம்பல் சத்து, அதாவது பொட்டாசியம், பொதுவாகத் தாராளமாக இருக்கும். செவலில் தண்ணீரும் தங்காது, சத்தும் தங்காது. இந்த இரண்டுக்கும் ஒரே சீட்டில் ஒரே உர அளவை எழுதிக் கொடுத்தால் அதற்கு ஆராய்ச்சி எதற்கு?

இதைத்தான் 1967இல் ராமமூர்த்தி என்ற விஞ்ஞானியும் அவரோடு வேலை செய்தவர்களும் தலைகீழாகக் கேட்டார்கள். எவ்வளவு விளைச்சல் வேண்டும் என்று முதலில் சொல்; உன் மண்ணில் இருப்பதைக் கழித்துக்கொண்டு மிச்சத்துக்கு உரம் சொல்கிறேன். இலக்கு மகசூல் என்கிற இந்த முறையில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பயிர்வாரியாக, மண்வாரியாகச் சமன்பாடுகள் போட்டு வைத்திருக்கிறது. 2015இல் மண்வள அட்டை வந்தது. அதில் 12 விவரங்கள் இருக்கும். திட்டம் நல்ல திட்டம். ஆனால் பல வீட்டில் அந்த அட்டை பீரோவில் பத்திரப் பதிவுக் காகிதத்தோடு பத்திரமாக இருக்கிறது. உரக்கடைக்குப் போகும்போது சட்டைப் பையில் இருந்தால்தானே உபயோகம்!

இயற்கை விவசாயமா, ரசாயன விவசாயமா என்று மேடைக்கு மேடை சண்டை போடுகிறார்களே, அதற்குப் பதில் தேட மேடை தேவையில்லை. கோயம்புத்தூரில் 1909இல் ஒரு சோதனை வயல் தொடங்கினார்கள். நிரந்தர எருச் சோதனை என்று பெயர். ஒரு பாத்திக்கு எதுவுமே போடுவதில்லை, ஒன்றுக்குத் தழைச்சத்து மட்டும், ஒன்றுக்குத் தழை, மணி, சாம்பல் என்ற மூன்று சத்தும், ஒன்றுக்குத் தொழுவுரம் என்று பிரித்துக்கொண்டு, நூறு வருஷத்துக்கு மேலாக அதே பாத்தியில் அதையே போட்டுக்கொண்டு வருகிறார்கள். இங்கிலாந்தில் ராதம்ஸ்டெட்டில் இதே மாதிரி ஒரு கோதுமை வயல் 1843இலிருந்து இருக்கிறது. இந்தியாவில் நடந்த நீண்டகாலச் சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தால், யூரியாவை மட்டும் கொட்டிய நிலம் வருஷாவருஷம் இறங்குகிறது. சரிவிகித உரத்தோடு தொழுவுரமும் போட்ட நிலம் விளைச்சலையும் கரிமத்தையும் பிடித்து வைத்துக்கொள்கிறது. இரண்டு கட்சிக்காரர்களுக்கும் பிடிக்காத பதில் இது.

1909இல் பாத்தி பிரித்தவர்கள் யாரும் இந்த முடிவைப் பார்க்கவில்லை. என் மனக்குறை ஒன்றை இங்கே சொல்லிவிடுகிறேன். இன்றைக்கு ஆராய்ச்சிப் பணம் பெரும்பாலும் மூன்று வருஷத் திட்டமாகத்தான் வருகிறது. மண்ணின் கரிமம் மூன்று வருஷத்தில் நகருவது, அளக்கிற பிழைக்குள்ளேயே அடங்கிவிடும். அதை வைத்துக்கொண்டு 'மண்வளம் உயர்ந்தது' என்று அறிக்கை எழுதுவது எனக்குக் கூச்சமாக இருக்கும்.

உடனே பலன் தருகிற வேலையும் உண்டு. 45 கிலோ யூரியா மூட்டையில் தழைச்சத்து 20 கிலோ சொச்சம். தண்ணீர் கட்டிய நெல் வயலில், அதில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குத்தான் பயிர் எடுக்கிறது. மிச்சத்தில் பெரும்பகுதி அம்மோனியாவாகவும் மற்ற வாயுக்களாகவும் காற்றோடு போகிறது. அதில் நைட்ரஸ் ஆக்சைடு என்பது கரியமில வாயுவைப் போல 270 மடங்கு பூமியைச் சூடாக்கும். எப்போது போட வேண்டும் என்று தெரிந்து போட்டால் வீணாவது குறையும். அதற்குத்தான் இலை வண்ண அட்டை. முழுதாக விரிந்த இளம் இலையை, உங்கள் உடம்பின் நிழலில் வைத்து, அட்டையில் எண் போட்டிருக்கும் பச்சைப் பட்டைகளோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். பத்து இலையில் ஆறு இலை குறிப்பிட்ட எண்ணுக்குக் கீழே வெளுத்திருந்தால் போடு. இல்லாவிட்டால் பேசாமல் வீட்டுக்குப் போ. தண்ணீருக்கும் ஒரு குழாய் இருக்கிறது. அடிப்பக்கம் ஒரு சாண் நீளத்துக்கு ஓட்டை போட்ட பிளாஸ்டிக் குழாயை வயலில் புதைத்து வைத்து, உள்ளே தண்ணீர் மட்டம் தரைக்கு 15 சென்டிமீட்டர் கீழே இறங்கிய பிறகு பாய்ச்சினால் போதும். பூக்கும் சமயத்தில் மட்டும் காய விடக்கூடாது. தண்ணீரும் மிச்சம், வயலிலிருந்து கிளம்பும் மீத்தேனும் குறைவு. ஒருபோகக்காரர்களுக்கு இதன் அருமையை நான் விளக்க வேண்டியதில்லை. முறை வந்து தண்ணீர் கடைமடைக்கு எட்டுமா என்று ராத்திரியெல்லாம் மடையில் காத்துக் கிடந்தவர்கள்தானே நீங்கள்.

இனி வேலை விவரம். பிளஸ் டூவில் அறிவியல் பாடம் எடுத்தவர்கள் பி.எஸ்சி. வேளாண்மைக்கு விண்ணப்பிக்கலாம். தமிழ்நாட்டில் மதிப்பெண் அடிப்படையில்தான் கலந்தாய்வு; நீட் கிடையாது. நாலு வருஷம். யானைமலை ஒத்தக்கடையில் 1965இலிருந்து வேளாண்மைக் கல்லூரி இருக்கிறது. இங்கிருந்து டவுன் பஸ்ஸில் போய்விடலாம். கடைசி வருஷம் கிராமத்தில் தங்கிப் படிக்கும் திட்டம் உண்டு, அதை ஏனோதானோ என்று கழிக்காதீர்கள். அப்புறம் மண்ணியல் மற்றும் வேளாண் வேதியியலில் எம்.எஸ்சி. இரண்டு வருஷம், பிறகு பி.எச்டி. பட்டப்படிப்போடு நிறுத்தினால் டி.என்.பி.எஸ்.சி. எழுதி வேளாண்மை அலுவலர் ஆகலாம், வங்கியில் வேளாண் அதிகாரி ஆகலாம். மேலே படித்தால் பல்கலைக்கழகம், வேளாண் அறிவியல் நிலையம், இல்லாவிட்டால் ஏ.ஆர்.எஸ். என்கிற வேளாண் ஆராய்ச்சிப் பணித் தேர்வு எழுதி போபால் மண்ணியல் நிறுவனம், நாக்பூர் மண் ஆய்வு நிறுவனம், களர் உவர் நிலத்துக்கென்றே இருக்கும் கர்னால் நிறுவனம் என்று போகலாம். வேதியியல் பிடித்து, வெயிலும் பிடித்தவர்களுக்கு இந்தப் படிப்பு. இரண்டில் ஒன்று பிடிக்காதென்றால் வேறு பாருங்கள், நாட்டில் படிப்பா இல்லை.

பெண் பிள்ளைகளை வயலுக்கு எப்படி அனுப்புவது என்று ஓர் அப்பா முன்னாடியே என்னிடம் கேட்டார். அண்ணே, உங்கள் வீட்டில் நடவும் களையும் யார் செய்கிறார்கள்? படிக்காமல் போகலாம், படித்துவிட்டுப் போகக்கூடாதா?

கடைசி வரிசையிலிருந்து ஓர் அம்மா கை தூக்குகிறார். கண்மாய்க் கரம்பையை, அதாவது கண்மாய் அடியில் படிந்த வண்டலை, வயலுக்கு அடிக்கலாமா என்று கேட்கிறார். நல்ல கேள்விம்மா. உங்கள் நிலம் செவலாகவோ மணல் சாரியாகவோ இருந்தால் அடிக்கலாம். தண்ணீரைப் பிடித்து வைக்கும் களி அதில் இருக்கிறது. கரிசலாக இருந்தால் களிக்கு மேல் களி எதற்கு, டிராக்டர் வாடகைதான் தண்டம். அடிப்பதற்கு முன்னால் கரம்பையிலும் அரை கிலோ எடுத்துக் கொடுங்கள். உப்பு அதிகமா என்று மின்கடத்தும் திறன் பார்த்தால் தெரிந்துவிடும். ஊர்ச் சாக்கடை கலக்கிற கண்மாய் என்றால் அந்த மூலையில் அள்ளாதீர்கள். தாசில்தார் ஆபீஸில் அனுமதி வாங்கிக்கொண்டு, கோடையிலேயே அடித்துப் பரப்பிவிடுங்கள். முதல் மழையில் கட்டி உதிர்ந்ததும் உழுதுவிடலாம். மண்ணை எந்தப் பையில் கொண்டுவருவது என்று மட்டும் மறந்துவிட வேண்டாம்.