1,850 ரூபாய் கொடுத்து வாங்கியது வினையூக்கி அல்ல, பெயிண்ட் பொடி

வணக்கம். மொட்டைமாடியும் நீலத் தட்டும் இல்லாமல் நான் பேசி நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். இன்றைக்கும் தட்டு பக்கத்தில்தான் இருக்கிறது: வெயில் பட்டால் சாயத்தைச் சிதைக்கும் வினையூக்கிப் பொடியைச் சாயத்தண்ணீரில் கலந்து நான் சோதிக்கும் தட்டு அது. அதற்கு முன்னால், போன வாரம் வந்த ஒரு பொட்டலத்தைப் பற்றிய என் வயிற்றெரிச்சலைக் கொட்டிவிடுகிறேன். 100 கிராம் டைட்டானியம் டை ஆக்சைடு, விலை 1,850 ரூபாய், உறையின் மேல் பெரிய எழுத்தில் ‘நானோ’. அந்தச் சொல்லை ஒட்டினாலே விலை ஏறிவிடுகிறது என்று எத்தனை முறை புலம்பியிருக்கிறேன். புலம்பியவனே போய் மாட்டிக்கொண்டேன்.

வழக்கம்போல அரை லிட்டர் தண்ணீரில் 5 மில்லிகிராம் மெத்திலீன் நீலம் என்ற சாயத்தைக் கரைத்து, அரை கிராம் பொடியைக் கலந்து, பகல் 11 மணிக்கு வெயிலில் வைத்தேன். மூன்று மணி நேரம் கழித்துப் பார்த்தால், பொடியே போடாமல் பக்கத்தில் வைத்திருந்த தட்டு எவ்வளவு வெளுத்திருந்ததோ, இதுவும் அவ்வளவுதான் வெளுத்திருந்தது. விற்றவரைக் கூப்பிட்டுத் தகவல் தாளைக் கேட்டு வாங்கிப் படித்தபோதுதான் விஷயம் புரிந்தது: அது அலுமினா (அலுமினியம் ஆக்சைடு) பூசிய ரூட்டைல் என்ற வகை, பெயிண்டுக்கு உரியது.

டைட்டானியம் டை ஆக்சைடில் அனடேஸ், ரூட்டைல் என்ற இரண்டு படிக வடிவங்கள்தான் பெரிதும் புழக்கத்தில் உள்ளன. மாசு நீக்கும் வேலையில் பொதுவாக அனடேஸ்தான் சுறுசுறுப்பு. பெயிண்டுக்குப் போகும் துகள்கள் வெயில் பட்டதும் தம்மைச் சுற்றியுள்ள பிசினையே அரித்து, சுவரைத் தொட்டால் கையில் வெள்ளையாக ஒட்டும்படி செய்துவிடும் என்பதால், அவற்றின் மேல் அலுமினாவோ சிலிக்காவோ பூசி அந்தக் குணத்தை அடக்கிவிடுகிறார்கள். எனக்கு எந்தக் குணம் வேண்டுமோ, அதை ஒருவர் காசு செலவழித்து அடக்க, அதை நான் காசு கொடுத்து வாங்கியிருக்கிறேன். பிரித்த பொட்டலத்தைத் திருப்பி எடுக்க மாட்டார்களாம்.

கடைசியில் கல்லூரி ஆய்வகத்தில் இருக்கும் நண்பர் ஒருவர் பத்து கிராம் பி25 கொடுத்து உதவினார். ஆய்வுக் கட்டுரைகளில் அளவுகோலைப் போலப் பயன்படும் பொடி அது. ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு அனடேஸ், மீதி பெரும்பாலும் ரூட்டைல், துகளின் அளவு சுமார் 21 நானோமீட்டர். அதே சாயம், அதே வெயில், இரண்டே மணி நேரத்தில் நீலம் போய், தண்ணீர் நீர்மோரைப் போல வெள்ளையாக நின்றது. ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன்: வெயிலில் வைப்பதற்கு முன் அரை மணி நேரம் தட்டை மூடி இருட்டில் வைத்திருந்தேன். பொடியின் மேல் சாயம் வெறுமனே ஒட்டிக்கொள்வதாலும் நிறம் குறையும். அந்தப் பெருமையை வெயிலுக்குக் கொடுத்துவிடக் கூடாது. இன்னொன்று, ஆக்சிஜன் குறைந்தால் மெத்திலீன் நீலம் சிதையாமலேயே நிறமற்ற வடிவத்துக்கு மாறி ஏமாற்றும். பாட்டிலில் ஊற்றிக் காற்றுப்பட நன்றாகக் குலுக்கினேன், நீலம் திரும்பவில்லை. நான் துள்ளியதில் தட்டு கவிழாமல் இருந்தது அதிர்ஷ்டம்.

உள்ளே நடப்பது இதுதான். ஏறத்தாழ 388 நானோமீட்டருக்குக் குறைவான அலைநீளமுள்ள ஒளி, அதாவது புறஊதா, அனடேஸில் பட்டால், ஓர் எலெக்ட்ரான் மேலே தாவி, அது இருந்த இடத்தில் ஒரு துளை உருவாகிறது. துளை தண்ணீரிலிருந்து எலெக்ட்ரானைப் பறித்து, சாயத்தை உடைக்கும் வீரியமுள்ள ஹைட்ராக்சில் ராடிக்கலை உண்டாக்க, தாவிய எலெக்ட்ரானை ஆக்சிஜன் வாங்கிக்கொள்கிறது. மீன்தொட்டிக் காற்று மோட்டாரை நான் ஓடவிடுவது அதற்காகத்தான். டைட்டானியம் டை ஆக்சைடு மின்முனையில் ஒளியைப் பாய்ச்சித் தண்ணீரைப் பிரிக்கலாம் என்று ஃபுஜிஷிமாவும் ஹோண்டாவும் 1972-இல் வெளியிட்ட கட்டுரைதான் இந்தத் துறைக்குப் பிள்ளையார் சுழி. வெயிலில் புறஊதாப் பங்கு சுமார் 5 சதவீதம்தான் என்பதை நினைத்தால், அந்த இரண்டு மணி நேரத்தைக் குறை சொல்ல மனம் வரவில்லை.

எரிச்சல் அதற்குப் பிறகு தொடங்கியது. அவ்வளவு நுண்ணிய துகளைத் தண்ணீரிலிருந்து எப்படிப் பிரிப்பது? காபி வடிதாளில் ஊற்றினால் மேலே ஊற்றிய வெள்ளை அப்படியே கீழே இறங்குகிறது. கடைசியில் படிகாரத்தைக் கரைத்து ஊற்றி, இரவு முழுக்கத் தெளியவிட்டேன். அதனால் இப்போது பொடியைத் தண்ணீரில் குழைத்து, உப்புத்தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்கிய கண்ணாடித் துண்டில் தடவி, மண்பாண்டச் சூளை வைத்திருக்கும் நண்பரிடம் 450 டிகிரியில் சுட்டு வாங்கியிருக்கிறேன். இதில் நீலம் போக ஐந்து மணி நேரம் ஆகிறது, தண்ணீரைத் தொடும் பரப்பு குறைவல்லவா. ஆனால் கண்ணாடியை வெளியே எடுத்தால் வேலை முடிந்தது, வடிகட்டும் தலைவலி இல்லை.

‘வெள்ளைப் பொடி ஒரு சிட்டிகை போட்டால் சாயத்தண்ணீர் குடிதண்ணீராகிவிடும்’ என்று சுற்றும் காணொளிகளை எனக்கு அறவே பிடிக்காது. அதற்காகவே திருப்பூரில் தெரிந்தவரின் சாயப்பட்டறையிலிருந்து, சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகும் முன் ஒரு லிட்டர் கழிவுநீர் கேட்டு வாங்கிவந்தேன். முதல் நாள் ஆறு மணி நேரம் வெயில் காட்டியும், கருஞ்சிவப்பு கொஞ்சம் மங்கியதோடு சரி. அடர்ந்த நிறம் ஒளியைப் பொடிவரை விடுவதில்லை; பருத்திக்குச் சாயம் ஏற்றக் கொட்டும் உப்பிலும் சோடாவிலும் உள்ள குளோரைடும் கார்பனேட்டும் ராடிக்கல்களை இடையிலேயே விழுங்கிவிடுகின்றன. மறுநாள் பத்து மடங்கு நீர்த்து வைத்தபோது நிறம் போய்விட்டது. ஆனால் தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரில் வெயிலுக்கு முன் 620, பின்னும் 620. இந்த முறை உப்பைத் தொடவே தொடாது. நொய்யல் ஆற்றையும் அதன் குறுக்கே உள்ள ஒரத்துப்பாளையம் அணையையும் நாசமாக்கியதில் நிறத்தைவிட உப்புக்குப் பெரிய பங்கு உண்டு. கழிவை முறைப்படி சுத்திகரிக்காத சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகும், அந்த உப்புக்காகத்தான் ஆர்.ஓ.வும் ஆவியாக்கியும் அங்கே ஓயாமல் ஓடுகின்றன. என் கண்ணாடித் துண்டுக்கு அந்த வரிசையில் இடம் கிடைத்தால், அது நிறத்தையும் நுண்ணுயிர்கள் தின்ன மறுக்கும் சேர்மங்களையும் உடைக்கும் இடமாகத்தான் இருக்கும்.

அடுத்த முறை துத்தநாக ஆக்சைடு. அது அமிலத்தில் கரைந்துவிடும் என்பதால், எலுமிச்சை பிழிந்துவிட்டு ஏன் வேலை செய்யவில்லை என்று கேட்காதீர்கள். மீதமிருந்த 1,850 ரூபாய்ப் பொடியைச் சுண்ணாம்பில் கலந்து, பின்னால் தெரிகிறதே, அந்தக் கைப்பிடிச் சுவருக்கு அடித்துவிட்டேன். வெள்ளை நன்றாகத்தான் வந்திருக்கிறது.