சைலன்சர் எங்க இருக்கணும்?

டீக்கடையில உக்காந்து ரேடியோ கேக்குறவங்களுக்கும், கரையில வலையப் பிரிச்சுக்கிட்டே கேக்குறவங்களுக்கும் வணக்கம். நான் உச்சிப்புளிப் பக்கம் 22 வருஷமா பைக் ஒர்க்‌ஷாப் வச்சிருக்கேன். இன்னைக்கு சைலன்சர் பத்திப் பேசப்போறேன். சத்தம் பத்தி இல்லங்க, அது வண்டியில எந்த இடத்துல இருக்குங்கறதப் பத்தி.

மீன்பிடி வல்லத்துல ஐஸ் பெட்டிய எங்க வைப்பீங்க? நடுவுல தானே. பின்னாடி ஓரத்துல ஏத்திட்டா முன்பக்கம் அணியம் தூக்கிக்கும், திருப்புனா மெதுவாத்தான் திரும்பும். பைக்குக்கும் அதே கணக்குதான். கனம் நடுவுக்கு நெருக்கமா இருந்தா வளைவுல வண்டி சொன்ன பேச்சு கேக்கும்.

போன வருஷம் ஒரு தம்பி பல்சர் என்எஸ் 200 கொண்டு வந்தான். 2012-ல அந்த வண்டி வந்தப்பவே சைலன்சர் இன்ஜினுக்கு அடியில, வயித்துக்குள்ள ஒளிஞ்ச மாதிரிதான் இருந்துச்சு. இவன் அதக் கழட்டிப் போட்டுட்டு இரும்புல ஒரு பெரிய குழாய பின் சீட்டுக்குப் பக்கத்துல மேல தூக்கி வெல்டு வச்சிருக்கான். "அண்ணே, பாம்பன் பாலத்துல காத்து அடிச்சா பின்பக்கம் ஆடுதுண்ணே"ன்னான். டயர் பாத்தேன், பேரிங் பாத்தேன், எல்லாம் நல்லாத்தான் இருக்கு. கடைசியில அந்தக் குழாயக் கழட்டி எதிர்க்கடை மீன் தராசுல வச்சேன், அஞ்சரைக் கிலோ! அவ்வளவு கனம் பின்னாடி, அதுவும் உசரத்துல, அதுவும் ஒரே பக்கமா தொங்குனா வண்டி என்ன செய்யும்? பழைய சைலன்சர அடியில திரும்ப மாட்டிக் குடுத்தேன். அதே காத்து, அதே பாலம், மறுநாள் சாயங்காலம் வந்து நின்னு சிரிக்கிறான். திரும்பவும் சொல்றேன், கனம் நடுவுல இருக்கணும்.

அப்ப அழகு? அதுவும் முக்கியம்தான், நான் மறுக்கல. 1994-ல இத்தாலியில டுகாட்டி 916ன்னு ஒரு பைக் வந்துச்சு, மாசிமோ தம்புரினி வடிவமைச்சது. ரெண்டு குழாயும் சீட்டுக்கு அடியில, பின் சக்கரம் ஒரு பக்கம் முழுசாத் தெரியும், படத்துல பாத்தாலே கண்ண எடுக்க முடியாது. அதப் பாத்து மத்த கம்பெனியும் சீட்டுக்கடிக்குப் போச்சு, 2004-ல யமஹா ஆர்1, ஹோண்டா ஃபயர்பிளேடு ரெண்டும் அப்படித்தான் வந்துச்சு. ஆனா கனம் மேலயும் பின்னாடியும் போயிருது, சூடு நேரா சீட்டுல ஏறுது, நம்ம சித்திரை வெயில்ல அத நெனச்சுப் பாருங்க. 2008-லயே ஃபயர்பிளேடுல சைலன்சர் கீழ இறங்கிருச்சு. டுகாட்டியே 2012-ல 1199 பனிகாலேல இன்ஜினுக்கு அடியில கொண்டு போயிட்டான். அழகா இல்லன்னு யாராவது சொல்லுவாங்களா அத?

பக்கவாட்டுல மாட்டுற சைலன்சர் பத்தியும், வண்டிய சாய்க்கும்போது எங்க உரசும்னும் விரிவாச் சொல்ல நெனச்சேன், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுறாங்க, நேரம் ஆயிருச்சு.

ஒண்ணு மட்டும். அடியில சைலன்சர் இருக்குற வண்டில தனுஷ்கோடி, அரிச்சல்முனை போனா உப்பு மணல் அந்தச் சந்துல போய் அப்பிக்கும். போன மாசம் அப்படி ஒரு சைலன்சர ஸ்க்ரூடிரைவரால சுரண்டுனேன், துரு பக்கு பக்காக் கையில வருது, உள்ள ஓட்டை. வீட்டுக்கு வந்து சூடு ஆறுனதும் ரெண்டு வாளி நல்ல தண்ணிய அடியில ஊத்திருங்க. வர்றேங்க.