துருவப் பனிப்பாளங்களும் தொல்காலக் காலநிலையும்

நேயர்களுக்கு வணக்கம்.

குளிர் மிகுந்தால் பனி உறையும் என்பது அனைவரும் அறிந்ததே. அவ்வாறு உறைந்த பனி ஓர் அளவைக் கடந்ததும் தானே காலநிலையை மாற்றத் தொடங்கிவிடுகிறது என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. இன்றைய உரை அதைப் பற்றியது.

பூமியின் வரலாற்றில் பெரும்பகுதி, துருவங்களில் பெரிய பனிப்பாளங்கள் இல்லாமலே கழிந்திருக்கிறது. ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகளுக்கு முன் அண்டார்டிகாவின் கரையோரத்தில் பனை இனங்கள் வளர்ந்தன என்பதற்கு, கடலடியில் துளையிட்டு எடுத்த படிவுகளில் உள்ள மகரந்தத் துகள்கள் சான்று. அந்தக் கண்டம் சுமார் 3.4 கோடி ஆண்டுகளுக்கு முன், புவியியல் கணக்கில் மிகக் குறுகிய காலமாகிய சில லட்சம் ஆண்டுகளுக்குள், பனியால் போர்த்தப்பட்டது. தென் அமெரிக்காவும் ஆஸ்திரேலியாவும் விலகிச் சென்றதால் உருவான கடல் நீரோட்டம் அண்டார்டிகாவைச் சூழ்ந்து தனிமைப்படுத்தியதே இதற்குக் காரணம் என்று நெடுங்காலம் கருதப்பட்டது. டிகாண்டோ, போலார்டு என்னும் இரு ஆய்வாளர்கள் 2003ஆம் ஆண்டில் வெளியிட்ட கணினி மாதிரி, வளிமண்டலத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைந்ததே முதன்மைக் காரணம் என்று காட்டியது. தென் அமெரிக்காவுக்கும் அண்டார்டிகாவுக்கும் இடையே அந்த நீரோட்டத்துக்கு வழிவிடும் டிரேக் நீரிணை எப்போது திறந்தது என்பதிலேயே இன்னும் கருத்து வேறுபாடு நிலவுவதால், பிந்தைய விளக்கமே வலுவானது என்பது என் கருத்து.

பனிப்பாளம் தன்னைத் தானே வளர்த்துக்கொள்ளும் தன்மை உடையது. புதுப்பனி, தன் மீது விழும் சூரிய ஒளியில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் திருப்பி அனுப்பிவிடுகிறது. பாளம் தடிக்கத் தடிக்க அதன் மேற்பரப்பு உயர்ந்து, மேலும் குளிர்ந்த காற்றைச் சென்றடைகிறது. ஆகவேதான், ஒரு பாளம் உருவான அதே அளவுக்குக் கார்பன் டை ஆக்சைடு திரும்பினாலும் அது உருகிவிடுவதில்லை. உருக வேண்டுமானால் அதைவிடக் கூடுதல் வெப்பம் தேவைப்படுகிறது.

இவ்வளவு பழைய பனியின் அளவை எப்படி அறிகிறோம்? ஃபோராமினிஃபெரா என்னும் நுண்ணுயிரிகளின் ஓடுகள் கடலடியில் அடுக்கடுக்காகப் படிந்துள்ளன. அவற்றில் பெரும்பாலானவை ஒரு மில்லிமீட்டருக்கும் சிறியவை. கடல்நீரில், ஆக்சிஜன் அணுவின் இலேசான வகையாகிய ஆக்சிஜன்-16 கொண்ட மூலக்கூறுகள் எளிதில் ஆவியாகி, பனியாகப் பெய்து, பாளத்தில் சிறைப்படுகின்றன. கனமான வகையாகிய ஆக்சிஜன்-18 கடலில் மிகுகிறது. அக்கடலில் வாழும் உயிரியின் ஓட்டிலும் அந்த மிகுதி பதிகிறது. இதில் ஒரு சிக்கலும் உண்டு: நீர் குளிர்ந்தாலும் ஓட்டில் ஆக்சிஜன்-18 கூடும். எனவே, அதே ஓட்டில் உள்ள மக்னீசியத்துக்கும் கால்சியத்துக்கும் இடையிலான விகிதத்தைக் கொண்டு வெப்பநிலையைத் தனியே கணித்து, எஞ்சியதையே பனியின் பங்காகக் கொள்கிறார்கள்.

வட அரைக்கோளத்தில் பெரும் பனிப்பாளங்கள் சுமார் 27 லட்சம் ஆண்டுகளுக்கு முன்புதான் வலுப்பெற்றன. தொடக்கத்தில் அவை புவி அச்சின் சாய்வு மாறும் 41,000 ஆண்டுச் சுழற்சியையொட்டி வளர்ந்தும் தேய்ந்தும் வந்தன. கடுங்குளிர்காலத்தைவிட, பழைய பனியை உருக்கவியலாத மந்தமான கோடையே அவற்றை வளர்த்தது. ஏறத்தாழ 12 லட்சம் முதல் 7 லட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்ட இடைவெளியில், புவியின் சுற்றுப்பாதையில் குறிப்பிடத்தக்க மாற்றம் ஏதும் நிகழாமலே, அந்தச் சுழற்சி ஒரு லட்சம் ஆண்டுகளாக நீண்டது. முந்தைய பாளங்கள் அடியில் இருந்த தளர்ந்த மண்ணைச் சுரண்டித் தள்ளிவிட, பின்வந்தவை வெறும் பாறையில் ஊன்றி, மேலும் தடித்து வளர முடிந்தது என்பது இதற்குச் சொல்லப்படும் விளக்கங்களுள் ஒன்று.

சுமார் 21,000 ஆண்டுகளுக்கு முன் கடல்மட்டம் இன்றுள்ளதைவிட ஏறக்குறைய 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. வட அமெரிக்காவை மூடியிருந்த லாரன்டைட் பாளம் சுமார் 3 கிலோமீட்டர் தடிமன் வரை எழுந்து, காற்றோட்டங்களையே திசைதிருப்பியது. அதிலிருந்து அவ்வப்போது பெருந்திரளாகப் பெயர்ந்த பனிமலைகள், தாம் சுமந்து வந்த கற்களை வட அட்லாண்டிக் கடலடியில் உதிர்த்தன. ஹார்ட்மூட் ஹைன்ரிக் என்னும் ஆய்வாளர் 1988இல் விவரித்த இந்தக் கல் அடுக்குகள் இன்று அவர் பெயராலேயே வழங்குகின்றன. பனிமலைகள் உருகிய நன்னீர் அட்லாண்டிக்கின் ஆழ்கடல் சுழற்சியைத் தளர்த்திய அக்காலங்களில் ஆசியப் பருவமழையும் நலிவுற்றது என்பதை, சீனாவில் நான்ஜிங் அருகேயுள்ள ஹூலு குகையின் சுண்ணாம்புப் படிவுகள் காட்டுகின்றன.

நன்றி, வணக்கம்.